ரயில் நிலையம் பக்கத்தில் வீடு: மேலேயா, கீழேயா, இன்னும் கீழேயா?

சென்ற சில மாதங்களில் மூன்று பேர், சிங்கப்பூரில் எந்த எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுக்கலாம் என்று, ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். அத்தை மகள் ஈசூனில் ஒரு மறுவிற்பனை வீட்டையும் வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம் ஒரு சின்ன வீட்டையும் பார்த்து வைத்துக்கொண்டு தடுமாறுகிறாள். கூட வேலை செய்யும் தம்பிக்குத் தெங்காவில் பிடிஓ வீடு (அரசு புதிதாகக் கட்டித் தரும் வீடு) கிடைத்திருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே தூண்கள் எழும்புகின்றன. ரயில் ஓட ஆரம்பித்தால் பிள்ளை தூங்குமா என்பது அவர் கவலை. எதிர்வீட்டு அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், ஐந்தறை வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகப்போகிறார். "எங்கேயாவது எம்ஆர்டி பக்கத்தில் இருந்தால் போதும்பா" என்கிறார்.

அந்தப் 'பக்கத்தில்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நிலையத்துக்கு மூன்று நிமிட நடை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது நிலையத்தின் வாசல்வரைக்கும்தான். ரயில் வாசலில் வந்து நிற்பதில்லை. அது தலைக்கு மேலே பாலத்தில் நிற்கலாம், இரண்டு தளம் கீழே நிற்கலாம், பதினைந்து மாடிக் கட்டடத்தைக் கவிழ்த்துப் புதைத்த ஆழத்திலும் நிற்கலாம். வாட்டர்லூ ஸ்திரீட் பக்கத்தில் இருக்கும் பென்கூலன் நிலையத்தின் ஆழம் 43 மீட்டர்.

நான் வளர்ந்தது ஈசூனில், தண்டவாளத்தைப் பார்த்த வீட்டில். அம்மா இப்போது இருப்பது தோ பாயோவில். நான் தினமும் வேலைக்கு இறங்குவது பென்கூலனில். மூன்று வகையும் என் கால்களுக்குப் பழக்கம். அதனால் கேட்டவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவு நேரம். வீட்டு மின்தூக்கியிலிருந்து ரயில் கதவு வரைக்கும் ஆகும் நேரம். மற்ற எந்தத் தூரத்தையும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, உடம்பு. முழங்கால் வலி உள்ள பெரியவர், சக்கர நாற்காலி, தள்ளுவண்டியில் குழந்தை, தேக்கா சந்தையிலிருந்து தூக்கி வரும் காய்கறிப் பை, இவற்றோடு அந்த நிலையம் எப்படி ஒத்துப்போகிறது? இந்த அளவுகோலுக்கு நான் மற்றவற்றைவிடக் கூடுதல் எடை கொடுப்பேன். வீடு வாங்கும்போது நமக்கு இருக்கும் முழங்கால் இருபது ஆண்டு கழித்து இருக்காது.

மூன்றாவது, சத்தம். நான்காவது, அந்த நிலையத்திலிருந்து எங்கெங்கே போக முடியும், எத்தனை பாதை சேர்கிறது. ஐந்தாவது, ஏதாவது பழுதானால் என்ன ஆகும்: மின்தூக்கி நின்றால், எஸ்கலேட்டர் நின்றால், மழை கொட்டினால். விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. இந்த ஐந்தையும் கூட்டிக் கழித்த பிறகுதான் கேட்கிற விலை தகுமா இல்லையா என்று சொல்ல முடியும்.

## சில நிலையங்கள் ஏன் அவ்வளவு ஆழம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏன் ஆழம் என்று புரிந்தால், அந்த ஆழத்துக்குப் பதிலாக நமக்கு என்ன கிடைக்கிறது என்பதும் புரியும்.

முதல் காரணம் மிக எளிது: பிந்தி வந்தவருக்குக் கீழ் அடுக்கு. 1987 நவம்பர் 7ஆம் தேதி நம் முதல் எம்ஆர்டி ரயில் யீயோ சூ காங்கிலிருந்து தோ பாயோவுக்கு ஓடியபோது நகரத்தின் அடியில் வேறு ரயில் இல்லை. தோ பாயோவையும் பிராடலையும் மேலிருந்து தோண்டி, பெட்டி போலக் கட்டி, மண்ணை மூடிவிட முடிந்தது. 2003இல் வடகிழக்குப் பாதை வந்தது. 2010இல் வட்டப்பாதை நகர மையத்துக்குள் நுழைந்தது. அதன் பிராஸ் பாசா நிலையம் 35 மீட்டர் ஆழத்தில் அமைந்தது. அதற்கும் பிறகு, 2017இல் டௌன்டவுன் பாதையின் மூன்றாம் கட்டம் அதே வட்டாரத்துக்குள் வந்தபோது மேல் அடுக்குகளில் இடமில்லை. இருக்கிற சுரங்கங்களுக்கும் கீழே இறங்க வேண்டியதாயிற்று. பென்கூலன் ஸ்திரீட் ஒடுக்கமான தெரு, இரண்டு பக்கமும் கட்டடம். அகலமாக விரிக்க வழியில்லாமல் நிலையத்தை அடுக்கடுக்காகக் கீழே இறக்கினார்கள்.

போதாக்குறைக்கு, டௌன்டவுன் பாதை ரோச்சோர் பக்கத்தில் தன்னைத்தானே குறுக்காகக் கடக்கிறது. வரைபடத்தில் சுருக்குப் போட்ட கயிறு மாதிரி இருக்கும். ரோச்சோரிலிருந்து பென்கூலனுக்கு நடந்தே போய்விடலாம். ரயிலில் போனால் பூகிஸ், மரினா பே பக்கமெல்லாம் சுற்றி எட்டாவது நிறுத்தத்தில் வந்து சேரும். இந்த வட்டாரத்தில் வீடு பார்க்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தண்ணீரும் மண்ணும். பிராஸ் பாசா என்றால் மலாய் மொழியில் நனைந்த அரிசி. டோபி காட் என்ற பெயர் அந்தப் பக்கம் ஓடிய ஓடையில் துணி வெளுத்த நம்மவர்களால் வந்தது. பெயரிலேயே ஈரம் இருக்கிறது. காலாங் ஆற்றுப் படுகையிலும் மரினா பக்கமும் தரைக்குக் கீழே இருப்பது கடல் களிமண், பிசைந்த மாவு மாதிரி நெகிழும் மண். தீவின் நடுவில் புக்கிட் தீமா கருங்கல். கிழக்கே இறுகிய பழைய வண்டல். எந்த மண்ணில் எந்த ஆழத்தில் சுரங்கம் பாதுகாப்பாக நிற்கும் என்பதைப் பார்த்துத்தான் பாதையை ஏற்றி இறக்குகிறார்கள். டௌன்டவுன் பாதைக்காக ரோச்சோர் கால்வாயையே இடம் மாற்றினார்கள், சிங்கப்பூர் ஆற்றின் ஒரு பகுதியையும் திருப்பிவிட்டார்கள்.

அந்தக் களிமண் எவ்வளவு பொல்லாதது என்பதை நாம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றோம். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் ஹைவே பக்கத்தில் வட்டப்பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து விழுந்தது. சுமார் 30 மீட்டர் ஆழம். நான்கு பேர் இறந்தார்கள். நிலையத்தைப் பிறகு வேறு இடத்துக்கு நகர்த்திக் கட்டினார்கள். ஆழமான நிலையத்தின் எஸ்கலேட்டரில் நிற்கும்போது சில நாள் எனக்கு அந்த நால்வரின் நினைவு வரும்.

மூன்றாவது, ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. மெட்ரோ ரயில்களுக்கு நூறு மீட்டர் தூரத்தில் மூன்று மீட்டர் ஏற்றம் என்பதே பொதுவாகப் பெரிய சரிவு. ஓர் ஆற்றுக்கோ பழைய சுரங்கத்துக்கோ அடியில் நாற்பது மீட்டருக்கு இறங்கிய ரயில், அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த நிலையத்துக்குள் அதிகம் போனால் பதினைந்து மீட்டர்தான் ஏறியிருக்கும். அதனால் தடங்கல் ஓரிடத்தில் இருந்தாலும் ஆழம் பக்கத்து நிலையத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. தரை மேடாக இருந்தால், ரயில் இறங்காமலே நிலையம் ஆழமாகிவிடும். உக்ரைனின் கீவ் நகரில் 1960இல் திறந்த ஆர்செனால்னா நிலையம் 105.5 மீட்டர் ஆழம். ஆற்றங்கரை மேட்டுக்கு அடியில் இருப்பதால்தான் அவ்வளவு. அதற்கு அடுத்த நிலையம் ஆற்றோரத்தில், தரைக்கு மேலே!

நான்காவது காரணம் நமக்குப் புதியது: காடு. குறுக்குத் தீவுப் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. காட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் பரிசீலனையில் இருந்தது. அதில் பயணம் ஆறு நிமிடம் கூடும், செலவும் சுமார் 2 பில்லியன் வெள்ளி கூடும் என்று கணக்கிட்டார்கள். அதே பாதையில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையம் 50 மீட்டர் ஆழத்தில் வரப்போகிறது. திறந்ததும் பென்கூலனை அது முந்திவிடும்.

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளத்தான் இவ்வளவு ஆழம் என்று காப்பிக்கடையில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். நிலையங்கள் பல அவசரகாலத் தஞ்சமிடங்களாகக் கட்டப்பட்டிருப்பது உண்மை. வடகிழக்குப் பாதையின் பெரும்பாலான நிலையங்கள் அப்படித்தான், 1980களில் கட்டிய பழைய சுரங்க நிலையங்கள் சிலவும் அப்படித்தான். ஆனால் அதற்குத் தடித்த சுவரும் கனத்த கதவும் வேண்டும். 43 மீட்டர் வேண்டியதில்லை.

## மேம்பால நிலையம்

ஈசூன், அங் மோ கியோ, உட்லண்ட்ஸ் போன்றவை. இனி வரும் ஜூரோங் வட்டாரப் பாதை முழுவதுமே இந்த வகை, தெங்காவும் அதில் அடக்கம்.

நேரத்தில் இதை அடிக்க ஆளில்லை. பயண அட்டையைத் தட்டினால் ஒரே ஏற்றம், நடைமேடை வந்துவிடும். ரயில் வருவதைக் கீழே சாலையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடிப் பிடித்த நாட்கள் எனக்கு உண்டு. (பரிந்துரைக்கவில்லை.) மின்தூக்கி நின்றுபோனாலும் ஏற வேண்டியது ஒரு மாடி உயரம்தான். மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலோர் ஏறிவிடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு சத்தம். காலை ஐந்தரை மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகியது. என் தங்கைக்குக் கடைசிவரை பழகவில்லை, தேர்வு நேரத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படித்தாள். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்கே இப்படி என்றால், வேறொருவர் சொல்வதைக் கேட்டு நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. பல இடங்களில் தண்டவாள ஓரம் ஒலித்தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள். நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் தண்டவாளத்தைவிட மிக உயரமான மாடிகளுக்குத் தடுப்பின் பலன் குறையும், ஏனென்றால் சத்தம் சுவருக்கு மேலே ஏறி வருகிறது. 'மேல் மாடி என்றால் அமைதி' என்ற கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

அடுத்தது வெயில். சுரங்க நிலையங்களில் 1987 முதலே தரையிலிருந்து மேல்வரை கண்ணாடிக் கதவுகள் இருந்தன, குளிர்காற்று உள்ளே நின்றது. மேம்பால நிலையங்களுக்கு 2009 முதல் 2012 வரை போட்டவை பாதி உயரக் கதவுகள். பாதுகாப்புக்கு அவை போதும், வெக்கைக்குப் போதாது. மதியம் மூன்று மணிக்குப் பெரிய மின்விசிறிக்குக் கீழே இடம் தேடி நிற்க வேண்டியிருக்கும். சாய்ந்தடிக்கும் மழை நடைமேடை ஓரம்வரை வரும்.

இதற்கெல்லாம் ஈடாக ஒன்று உண்டு. ரயிலைப் பார்த்த வீட்டுக்கு விலை பேச இடமிருக்கும். அதே நிலையத்துக்கு இரண்டு புளோக் பின்னால் தள்ளி எடுத்தால், முன்னால் நிற்கும் புளோக்கே உங்களுக்குச் சத்தத்தடுப்பு. நடை இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவுதான். தெங்கா தம்பிக்கு நான் சொன்னது வேறு: உங்கள் ஜன்னல் தண்டவாளத்துக்கு நேரா, பக்கவாட்டா, எந்த மாடி என்று வரைபடத்தில் பாருங்கள், பிள்ளையின் படுக்கையை மறுபக்கத்து அறைக்கு மாற்றுங்கள். ரயில் வருகிற அந்த நாள்வரை கட்டுமானத் தூசியும் இரைச்சலும்தான் பெரிய தொல்லையாக இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

## ஆழம் குறைந்த சுரங்க நிலையம்

தோ பாயோ, பிராடல், தியோங் பாரு மாதிரியானவை. தரைக்கு ஓரிரு தளம் கீழே ரயில்.

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அதுவே இதன் பெருமை. வீட்டில் சத்தம் இல்லை. நடைமேடையில் குளிர்ச்சி. வாசலிலிருந்து ரயிலுக்கு இரண்டு எஸ்கலேட்டர். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. தோ பாயோவில் வீட்டை விட்டு இறங்கி, சந்தையைக் கடந்து, ரயிலில் உட்காரும்வரை யார் துணையும் அவருக்கு வேண்டியதில்லை.

ஆனால் இப்படிப்பட்ட நிலையங்கள் பெரும்பாலும் பழைய நகர்களில்தான் இருக்கின்றன. அங்கே பழைய வீட்டுக்கும் விலை கூடுதல், வீட்டின் குத்தகைக் காலத்தில் மிஞ்சிய ஆண்டுகளும் குறைவு. வங்கிக் கடனும் மத்திய சேமநிதியும் எவ்வளவு எடுக்கலாம் என்பது அந்த மிச்ச ஆண்டுகளைப் பொறுத்தது. இந்த வகையின் உண்மையான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது, நிலையத்தில் இல்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சுரங்க நிலையங்கள் பலவற்றில் கீழே இறங்கும் முன் நாலைந்து படி மேலே ஏற வேண்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளம் உள்ளே இறங்காமல் இருக்க வாசலைச் சுற்றுத்தரையைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள். பக்கத்தில் சாய்தளமோ மின்தூக்கியோ இருக்கும், ஆனால் அது எந்த வாசலில் இருக்கிறது என்பது முக்கியம். உங்கள் புளோக் பக்கத்து வாசலில் படி மட்டும் இருந்தால், சக்கர நாற்காலிக்கு அந்த வாசல் இல்லாத மாதிரிதான். 2017 அக்டோபர் 7ஆம் தேதி பீஷானுக்கும் பிராடலுக்கும் இடையே சுரங்கத்தில் மழைநீர் தேங்கி, மறுநாள்வரை அந்தப் பகுதியில் ரயில் ஓடவில்லை. அரிதாக நடப்பதுதான். வீட்டுக்கு அருகே நல்ல பேருந்து வசதியும் இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு காரணம்.

## ஆழ்சுரங்க நிலையம்

பென்கூலன், பிராஸ் பாசா, நாளைக்கு கிங் ஆல்பர்ட் பார்க்.

முதலில் கணக்கு. எஸ்கலேட்டரின் சாய்வு 30 பாகை. அப்படியென்றால் ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் நீளம் ஓட வேண்டும். பிராஸ் பாசாவில் ஒரே எஸ்கலேட்டர் 41 மீட்டர் நீளம், அதிலேயே இருபது மீட்டர் இறங்கிவிடுகிறோம். 43 மீட்டர் ஆழத்துக்கு மொத்தம் 86 மீட்டர் நீளம். விநாடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் ஓடினால் இரண்டு நிமிடம், முதியவர்களுக்காக 0.5 மீட்டராகக் குறைத்து ஓட்டும் நேரத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம். ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததற்குத் திரும்பி நடப்பது இதில் சேரவில்லை. என் கைக்கடிகாரத்தில் பென்கூலன் வாசலிலிருந்து ரயில் கதவுக்குச் சாதாரணமாக நான்கரை நிமிடம் ஆகிறது. போக வர ஒன்பது. 'மூன்று நிமிட நடை' என்ற விளம்பரத்தை நம்பியவருக்கு உண்மையில் ஏழரை நிமிடம்.

சரி, அது பெரிய நேரமா? நடக்கிறவர்களுக்கு இல்லை. குளிர்ச்சியான இடத்தில் நின்றுகொண்டே இறங்குகிறோம், வெயிலில் ஏழரை நிமிடம் நடப்பதோடு இதை ஒப்பிட முடியாது. நடக்க முடியாதவர்களுக்குத்தான் கதை மாறுகிறது. பெரும்பாலும் ஒரே மின்தூக்கி தெருவிலிருந்து நடைமேடைவரை போகாது. தெருவிலிருந்து, பயண அட்டையைத் தட்டும் வாயில் தளத்துக்கு ஒன்று, அங்கிருந்து நடைமேடைக்கு இன்னொன்று. தள்ளுவண்டியும் பெட்டியும் சேர்ந்தால் ஒரு தடவை தவறவிட்டு அடுத்த தடவைக்கு நிற்க வேண்டும்.

அம்மாவோடு ஒருமுறை ஓர் ஆழமான நிலையத்தில் மாட்டிக்கொண்டேன். நடைமேடை மின்தூக்கியில் பராமரிப்பு வேலை. நீளமான எஸ்கலேட்டர் என்றால் அம்மாவுக்குப் பயம், இதைப் பார்த்ததும் பின்வாங்கி நின்றுவிட்டார். கடைசியில் அடுத்த நிலையத்துக்குப் போய் ஏறி, பேருந்து பிடித்துத் திரும்பி வந்தோம். மேம்பால நிலையமாக இருந்தால் ஒரு மாடியை நின்று நின்று இறங்கியிருப்பார். பழுது எங்கும் வரும். ஆழத்தில் வந்தால் மாற்று வழி இல்லை, அதுதான் வித்தியாசம்.

கிடைப்பது என்ன? இங்கே ஆழத்தின் காரணத்தை நினைத்துப் பாருங்கள். பிந்தி வந்த பாதை, பழைய பாதைகள் நெருக்கமாக ஓடும் இடத்தில் புகுந்திருக்கிறது. அதாவது, ஆழமான நிலையம் பெரும்பாலும் நகரத்தின் நடுவில், நடந்து போகும் தூரத்தில் இன்னும் இரண்டு மூன்று பாதைகளோடு இருக்கும். பென்கூலன் பக்கம் வீடு எடுத்தால் வட்டப்பாதைக்கு பிராஸ் பாசா, வடக்கு-தெற்குக்கும் வடகிழக்குக்கும் டோபி காட், எல்லாம் நடை தூரம். தேசிய நூலகம் நடை தூரம், தேக்காவும் கொஞ்சம் கூட நடந்தால் வந்துவிடும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குப் போகும் காவடிகளைப் பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு நடந்தே திரும்பலாம். ஒரு குறை: பென்கூலனும் பிராஸ் பாசாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் வாயிலுக்குள்ளேயே மாறிக்கொள்ள முடியாது. வெளியே ஏறி வந்து மறுபடி இறங்க வேண்டும்.

சத்தத்தைப் பொறுத்தவரை இதற்கு முழு மதிப்பெண். அத்தனை மண்ணுக்கு அடியில் ஓடும் ரயில் வீட்டுக்குத் தெரியவே தெரியாது.

தரைவீடு வாங்குகிறவர்களுக்காக ஒன்று. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாத நிலத்துக்கு, சிங்கப்பூர் உயர அளவைத் தளத்திலிருந்து (நிலத்தின் உயரத்தை அளக்க வைத்திருக்கும் பொது அடிமட்டம்) 30 மீட்டர் கீழே வரைதான் சொந்தக்காரருக்கு உரிமை. அதற்கும் கீழே அரசாங்கத்துடையது. மிக ஆழமாகப் போகும் சுரங்கம் உங்கள் நிலத்தடி உரிமையைத் தொடாமலே போய்விடலாம். மேலாகப் போகும் சுரங்கம் அப்படியில்லை. ரயில் கட்டமைப்பிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டட வேலை செய்வதென்றால் ரயில் பாதுகாப்பு விதிகள் குறுக்கே வரும். வீட்டை இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் வழக்கறிஞரிடம் இதை முன்பே கேட்டுவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## ஒரே பார்வையில்

| | மேம்பாலம் | ஆழம் குறைந்த சுரங்கம் | ஆழ்சுரங்கம் |
|---|---|---|---|
| வாசலிலிருந்து ரயிலுக்கு | மிகக் குறைவு | குறைவு | நான்கைந்து நிமிடம் |
| முழங்கால் வலி, சக்கர நாற்காலி | சமாளிக்கலாம் | நல்லது | மின்தூக்கியை முழுக்க நம்ப வேண்டும் |
| வீட்டில் சத்தம் | எதிரே இருந்தால் உண்டு | இல்லை | இல்லை |
| நடைமேடையில் வெக்கை | உண்டு | இல்லை | இல்லை |
| பக்கத்தில் வேறு பாதைகள் | பெரும்பாலும் ஒன்றுதான் | இடத்தைப் பொறுத்தது | பெரும்பாலும் இரண்டு, மூன்று |
| ஒளிந்திருக்கும் செலவு | தூக்கம் | குத்தகை மிச்சம், விலை | தினசரி நிமிடங்கள், மாற்று வழி இன்மை |

## யாருக்கு எது

வீட்டில் முதியவர் இருந்து, அவர் தனியாக வெளியே போகிற பழக்கம் உள்ளவர் என்றால் நான் தயங்காமல் ஆழம் குறைந்த நிலையத்தைச் சொல்வேன். அதற்கு வசதிப்படவில்லை என்றால் மேம்பால நிலையம், இரண்டு புளோக் தள்ளி. ஆழ்சுரங்கம் மூன்றாவதுதான். எதிர்வீட்டு அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் மேம்பாலமே வசதி என்று அண்ணியார் முடிவே செய்துவிட்டார்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிற, ஆளுக்கொரு திசையில் அலுவலகம் இருக்கிற இளம் தம்பதிக்கு ஆழமான நிலையம் நல்ல தேர்வு. நாளுக்கு ஒன்பது நிமிடம் எஸ்கலேட்டரில் போனாலும், ஒரு தடவை ரயில் மாறுவது மிச்சமானால் கணக்கு நேராகிவிடும். கைக்குழந்தை வரும் ஆண்டுகளில் மட்டும் சிரமப்படுவார்கள்.

இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் தண்டவாளத்தைப் பார்த்த வீட்டை எடுக்கவே வேண்டாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

அத்தை மகளுக்கு என் பதில் இன்னும் முடியவில்லை. அவள் வேலை ராஃபிள்ஸ் பிளேஸில், அவள் கணவர் வேலை ஹவ்காங்கில், கூடவே அத்தை. கணக்குப்படி பார்த்தால் வாட்டர்லூ ஸ்திரீட் வீடுதான் இருவருக்கும் பொருந்துகிறது. அத்தைக்கு ஈசூன். அவளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: திங்கட்கிழமை காலை ஏழரைக்கு இரண்டு இடத்துக்கும் போ. புளோக் மின்தூக்கியிலிருந்து கடிகாரத்தைப் போட்டு, ரயில் கதவு திறக்கும்வரை அள. அப்புறம் அதே வழியை எஸ்கலேட்டரைத் தொடாமல் மின்தூக்கியில் மட்டும் போய் இன்னொரு தடவை அள. ஈசூன் வீட்டுப் படுக்கையறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கால் மணி நேரம் உட்கார், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். கடைசியாக ஒரு சனிக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு பென்கூலனில் இறங்கு. நீ எதுவும் பேசாதே, கையும் பிடிக்காதே. கீழேயிருந்து தெருவுக்கு வருவதற்குள் அவர் எத்தனை இடத்தில் உட்கார இடம் தேடுகிறார் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வா.